என் மகனுக்குக் கூட்டுப்புருவம் முளைத்த செவ்வாய்க்கிழமை

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி வருகிறேன். கண்ணாடியில் பட்டால் எந்தக் கோணத்தில் வந்ததோ அதே கோணத்தில் திரும்பும் என்பதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தப்பாக எழுதிய பெண்களைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். அவர்கள் எல்லோரிடமும் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த விதியை நம்பி நான் செய்த ஒரு காரியத்தால் என் சொந்த மகன், பெற்ற தாயின் கண் முன்னாலேயே, கப்பலை விட்டு ஓடிப்போன ஆளாக மாறிவிட்டான்.

நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் காக்கி உடுப்புப் போட்ட யாராவது வாசலில் நின்று "அம்மா, ஒரு நிமிஷம்" என்றால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். (தபால்காரர்தான். ஆனாலும் போய்விடுகிறேன்.)

ராயபுரத்தில் எங்களுக்கு ஒரு கயிற்றுக் கடை இருக்கிறது. என் வீட்டுக்காரர் தெற்கேயிருந்து வந்து, கப்பல்களுக்கு வடக்கயிறும் தார்ப்பாயும் விற்றுக் காலூன்றியவர். ஒரே மகன் சகாயம். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயசு. பள்ளி இறுதி வகுப்பை முடித்துவிட்டுக் கடையில் கயிறு அளந்துகொண்டிருந்தான். கயிற்றைப் பார்த்த நேரத்தைவிடத் துறைமுகத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம். புகைபோக்கியின் நிறத்தை வைத்தே எந்தக் கம்பெனிக் கப்பல் என்று சொல்லிவிடுவான். கடைசியில் கடைக்கு வந்துபோகும் ஒருவர் மூலமாக, ஒரு சரக்குக் கப்பலின் ஸ்டோர் அறையில் உதவியாள் வேலை கிடைத்தது. அன்று அவன் சாப்பிடாமல் சிரித்துக்கொண்டே இருந்தான். நான் சிரிக்காமல் சாப்பிட்டேன்.

கப்பல் அடுத்த வெள்ளிக்கிழமை புறப்படுவதாக இருந்தது. அதற்குள், கப்பல் ஆட்களைப் பதிவு செய்யும் ஆபீசில் அவன் பெயரில் ஒரு புத்தகம் வாங்க வேண்டும். அதில் படம் ஒட்டி முத்திரை குத்தினால்தான் துறைமுக கேட்டுக்குள் விடுவார்கள். ஒரு விண்ணப்பம், மூன்று படம். இவ்வளவுதான் கேட்டார்கள். இதைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியாதா என்று நீங்கள் நினைக்கலாம். என் வீட்டுக்காரர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்.

பிரச்சினை சகாயத்தின் முகம். மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கும் முகம். பஸ்ஸில் கண்டக்டர் அவனைப் பார்த்து அரை டிக்கெட்டில் கை வைப்பார். இந்தப் பால்முகத்தோடு நாற்பது முரட்டு ஆம்பளைகள் நடுவில் போய் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குக் கவலை. எங்கள் தெருமுனை ஸ்டுடியோக்காரரோ நேர் எதிரே இரண்டு பெரிய பல்பை வைத்துத்தான் எல்லோரையும் எடுப்பார். அவரிடம் போன எந்த முகமும் அவித்த முட்டையாகத்தான் திரும்பும்.

அதே சமயத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு யாரோ தானமாகக் கொடுத்த பழைய பத்திரிகைக் கட்டில் போட்டோ கலை பற்றிய சீமைப் பத்திரிகை ஒன்று என் கண்ணில் பட்டது. முகத்தில் விழும் வெளிச்சத்தை மாற்றினால் மனிதனின் குணத்தையே மாற்றிக் காட்டலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் தாடை உறுதிப்படுமாம், கண்ணில் ஆழம் வருமாம். படித்த மாத்திரத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னிடம் ஒரு பெட்டி கேமரா வேறு இருந்தது.

அந்தக் கேமராவை அனுப்பியவன் என் தம்பி சாமுவேல். அவனைப் பற்றி யார் கேட்டாலும் "பினாங்கில் வியாபாரம்" என்பேன். உண்மையில் அவன் உலக யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் பாத்திரம் கழுவப் போனவன். பினாங்கில் கரை இறங்கியவன் கப்பலுக்குத் திரும்பவே இல்லை. கப்பல் போய்விட்டது. அவன் பெயரை ஓடிப்போனவர்கள் பட்டியலில் ஏற்றினார்கள். எங்கள் அம்மா சாகும்வரை அவனைப் பார்க்கவில்லை. வீட்டில் அந்தப் பேச்சையே நாங்கள் எடுப்பதில்லை. ஆகையால் சகாயத்தின் விண்ணப்பத்தில் "உறவினர் எவரேனும் முன்பு கப்பலில் பணியாற்றியதுண்டா?" என்ற கேள்விக்கு நேரே, நானே, என் அழகான கையெழுத்தில், "இல்லை" என்று எழுதினேன்.

முதலில் வீட்டிலேயே பரீட்சை செய்து பார்த்தேன். மாவுச் சல்லடை வழியாக வெயிலை விட்டு என் வீட்டுக்காரரை எடுத்தேன். அம்மை வார்த்தது போல வந்தார். பச்சைப் பாட்டிலுக்குப் பின்னால் விளக்கை வைத்து எடுத்ததில் ஒன்றுமே விழவில்லை. என் கேமராவுக்கு நல்ல வெயில் வேண்டும்; ஆனால் அந்த வெயில் வீட்டுக்குள்ளே, நான் சொன்ன பக்கத்திலிருந்து வர வேண்டும். அதற்குப் பெரிய கண்ணாடி வேண்டும். ராயபுரத்தில் பெரிய கண்ணாடி எங்கே இருக்கும் என்று யோசித்தேன். மாணிக்கத்தின் சலூனில் இருந்தது.

பெண்பிள்ளைகள் சலூன் இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை யாரும் முடி வெட்டிக்கொள்ள மாட்டார்கள், சலூன் மூடியிருக்கும். மாணிக்கத்தின் மகள் என் வகுப்பில் படித்தாள். அவருக்கு மறுக்க வழியில்லை. நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு, ஒரு கையில் கேமராவும் மறு கையில் பள்ளிக்கூடத்துப் பெரிய மரப் பாகைமானியுமாக, சகாயத்தை இழுத்துக்கொண்டு சலூனுக்குள் நுழைந்தேன். ஐந்தே நிமிஷத்தில் டீச்சரம்மா சலூனை வாங்கிவிட்டார் என்று தெருவில் செய்தி பரவியது.

மேற்குப் பார்த்த கடை. நாலு மணி வெயில் வாசல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. நான் சாக்பீஸை எடுத்துத் தரையில் கோடு போட்டேன். வெயில் வரும் திசை, கண்ணாடி இருக்க வேண்டிய இடம், சகாயத்தின் நாற்காலி, எல்லாவற்றையும் பாகைமானி வைத்து அளந்தேன். ஒரு கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி, என் கோட்டின் மேல் தரையில் சாய்த்து வைக்கச் சொன்னேன். வெயில் அதில் பட்டு, கணக்குப் பிசகாமல் மகனின் முகத்தில் போய் விழுந்தது. எனக்குப் புல்லரித்தது. இந்த அழகை என் நாலாம் படிவப் பிள்ளைகள் பார்க்கவில்லையே என்றுகூட வருந்தினேன். (பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எதிர்ச் சாரியில் ஏழு பேர்.)

நான் மறந்தது ஒன்றே ஒன்று. கரும்பலகையில் இடம் வலம் உண்டு. முன்பின் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். உயரம் கிடையாது. பதினெட்டு வருஷம் பலகையில் கோடு போட்ட பழக்கத்தில், தரையில் இருக்கும் கண்ணாடியிலிருந்து வெளிச்சம் கீழேயிருந்து மேலே போகும் என்பது என் கணக்கில் வரவே இல்லை.

மாணிக்கத்தின் கணக்கில் வந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாக இருமினார்.

"டீச்சரம்மா, வெளிச்சம் கீயேந்து வருது. கூத்துல அசுரன் வர்றப்போதான் பந்தத்த அப்பிடிப் புடிப்பாங்கோ."

"மாணிக்கம், வெயிலை மறைக்காதீங்க."

"நான் மறைக்கல. இருவது வருசமா மூஞ்சிங்களப் பாத்துக்கினு கீறேன், அதான் சொன்னேன். உங்க இஸ்டம்."

படித்தவளுக்குச் சவரத்தொழிலாளி வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் சொல்வதா என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை மகன் மேல் காட்டினேன். கண் கூசுகிறது என்றான். கூசட்டும், ஆம்பளை மாதிரிப் பார் என்றேன்.

"ஆம்பளன்னா எப்பிடிம்மா பாக்கணும்?"

"எவனோ உன் செருப்பைத் தூக்கிட்டுப் போறான். அவனைப் பிடிச்சிட்டே. இப்ப எப்பிடிப் பார்ப்பே?"

பார்த்தான். நான் விசையை அழுத்தினேன்.

மறுநாள் மாலை படம் கைக்கு வந்தது. தாடை உறுதியாகத்தான் இருந்தது. கன்னம் குழிவிழுந்து, கண்ணுக்குள் எதையோ ஒளித்து வைத்திருந்தான். மூக்கின் நிழல் நேரே மேலே ஏறி இரண்டு புருவத்தையும் ஒட்ட வைத்துவிட்டதால், பிறவியிலேயே இல்லாத ஒரு கூட்டுப்புருவம் முளைத்திருந்தது. அரை டிக்கெட் போன இடம் தெரியவில்லை. அவனுக்கு ஒரே சந்தோஷம். "சோக்கா கீதும்மா" என்று நண்பர்களிடம் காட்ட எடுத்துக்கொண்டு ஓடினான். (கீது என்று பேசாதே என்று பதினைந்து வருஷமாகச் சொல்லியும் பலனில்லை.)

வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து கைகழுவிவிட்டு ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தார்.

"ஏளா, ஒந் தம்பி படம் இப்ப எதுக்கு வெளிய எடுத்த?"

"நல்லாப் பாருங்க. உங்க மவன்."

படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். இவன் யாரையாவது அடித்துவிட்டானா என்று கேட்டார். பிறகு, நாளைக்கு ஸ்டுடியோவுக்குப் போய் ஒழுங்காக ஒன்று எடுத்துவிடுவோமே என்றார். கலை தெரியாத மனுஷர் என்று நான் அவருக்கு இன்னொரு தோசை போட்டுப் பேச்சை மாற்றினேன். சாயல் எனக்கும் தெரியத்தான் செய்தது. எங்கள் குடும்பத்தில் சாமுவேல்தான் அழகன். அதனால் அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஆபீசுக்குப் போனோம். வரிசையில் இருந்த அத்தனை பேரும் கப்பல் ஆட்கள். அம்மாவோடு வந்தவன் என் மகன் ஒருவன்தான். சன்னலுக்குப் பக்கத்து மேஜையில் வயசான தலைமைக் குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தைப் படித்தார், படத்தைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இந்த ஆள் வரலியா?" என்றார்.

"இதோ நிக்கிறானே."

"இந்தப் பையன் யாரு?"

"அவன்தான்."

அவர் எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் கழித்து ஒரு தடித்த பழைய பதிவேட்டோடு வந்து, ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ஓரம் மஞ்சளித்த படத்திலிருந்து, இத்தனை வருஷம் கழித்து, என் தம்பி என்னை முறைத்துப் பார்த்தான். கூட்டுப்புருவம், குழிந்த கன்னம், செருப்பைத் திருடினவனைப் பார்க்கும் பார்வை. பக்கத்தில் சிவப்பு மையில் "கப்பலுக்குத் திரும்பவில்லை" என்று எழுதியிருந்தது.

அந்தச் சிவப்பு மை தான் எழுதியதுதான், அந்த முகம் மறக்காது, இவன் திரும்பி வந்திருக்கிறான் என்றார் குமாஸ்தா. வேறு பெயரில், ஒரு பையனை அனுப்பிப் புத்தகம் வாங்கி, அதை வைத்துக் கப்பலேறப் பார்க்கிறான். தன்னிடம் இந்த வித்தை நடக்காது. இதையெல்லாம் அமைதியாகத்தான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, ஒரு நிமிஷம். நீங்க இவனுக்குச் சம்சாரமா?" என்றார்.

கூடப்பிறந்தவனுக்கே சம்சாரமாகிவிட்ட அதிர்ச்சியில் நான் மகன் பக்கம் திரும்பினேன். சகாயம் என்னைப் பார்த்தான். மறுநாள் அவன் கப்பல். அந்த முகம் வெளுத்துக்கொண்டே போனதைப் பார்த்ததும், எனக்குள் இருந்த பயந்த அம்மா ஒதுங்கிக்கொண்டாள்; டீச்சர் எழுந்து வந்தாள்.

"இது வெளிச்சம் செய்யிற வேலை. நிரூபிக்கிறேன்" என்றேன்.

காக்கிச் சட்டைச் சேவகர் தலைவாருவதற்காகச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றினேன். சகாயத்தைச் சன்னலோரப் பெஞ்சில் உட்கார வைத்தேன். வரிசை கலைந்து கூட்டமாகிவிட்டது. நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். படும் கதிர் என்றேன், மீளும் கதிர் என்றேன். பின்னால் நின்ற ஒருவருக்குத் தெரியவில்லை என்றதால் முன்னால் நின்றவர்களைத் தரையில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்கள். கண்ணாடியை அவன் முழங்காலுக்குக் கீழே பிடித்துச் சாய்த்தேன். காலை வெயில் அதில் பட்டு அவன் முகத்தில் கீழேயிருந்து ஏறியது.

"செருப்பு" என்றேன்.

முறைத்தான். தாடை எழும்பியது, கன்னம் குழிந்தது, புருவம் இரண்டும் ஒட்டிக்கொண்டன. தரையில் உட்கார்ந்திருந்த ஒரு கப்பல்காரர் பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "அவனேதாம்பா நைனா" என்றார் மெதுவாக.

குமாஸ்தா படத்தைப் பார்த்தார், சகாயத்தைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன், பால்முகம் திரும்பி வந்தது. மறுபடி வைக்கச் சொன்னார். மறுபடி என் தம்பி வந்தான். அவருக்கு அது பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். நாலு தடவை செய்யச் சொன்னார்.

"ஒத்துக்கிறேம்மா. படத்துல இருக்கிறது இந்தப் பையன்தான்" என்றார்.

என் வாழ்க்கையில் எந்த வகுப்பும் அவ்வளவு நன்றாக முடிந்ததில்லை. நான் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன்.

"அப்போ இந்தச் சாமுவேல் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் குமாஸ்தா.

என் கையிலிருந்த கண்ணாடியின் வெளிச்சம் கூரையில் தடதடவென்று ஆடியது. இவ்வளவு ஒற்றுமையை நானே நாலு தடவை நிரூபித்துவிட்டு, யாரோ என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"தம்பி" என்றேன்.

அவர் விண்ணப்பத்தைத் திருப்பி, "இல்லை" என்ற இடத்தில் விரலை வைத்தார். இது யார் எழுத்து என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சகாயம், "நான்தான் சார் எழுதுனேன்" என்றான். அவன் கையெழுத்துக் கோழி கிளறியது போல இருக்கும். அதே காகிதத்தின் அடியில் அவன் போட்ட கையொப்பமே அதற்குச் சாட்சி. குமாஸ்தா இரண்டையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். நல்ல மனுஷர், திட்டவில்லை. பொய்யான தகவல் என்று குறித்தே ஆக வேண்டும், விசாரித்துத்தான் கொடுக்க முடியும், நாலைந்து மாதம் ஆகும் என்றார். அடுத்த முறை படம் மட்டும் வேறு யாராவது எடுக்கட்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் சகாயம் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தான். வெள்ளிக்கிழமை அவன் கப்பல் போனதை மாடியில் நின்று, புகை மறையும்வரை பார்த்துவிட்டு இறங்கி வந்தான். அப்போதும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்றவர்கள்தான் கேட்டார்கள், இல்லை, கேட்காமலே முடிவு செய்தார்கள். பிள்ளையைக் கடலுக்கு அனுப்ப மனசில்லாமல் நான் திட்டம் போட்டுச் செய்துவிட்டேன் என்று. கோவிலில் பெண்கள் என் கையைப் பிடித்து அழுத்தினார்கள். ஒருத்தி, தன் மகன் படத்தையும் எடுத்துத் தர முடியுமா என்று காதோடு கேட்டாள்; அவன் ரங்கூனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தானாம். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சில சமயம் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, என்னை ஒரு மரியாதையோடு பார்ப்பார். உயரத்தை மறந்துவிட்டேன் என்று நான் எவ்வளவோ விளக்கினேன். வீட்டுச் சுவரில் படம் வரைந்துகூடக் காட்டினேன். ஒரு அறிவியல் டீச்சர் அப்படி ஒரு தப்புச் செய்வாளா என்று எல்லோரும் கேட்டார்கள். என் படிப்பின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கைதான் எனக்கு எதிரி.

ஐந்து மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. அவித்த முட்டைப் படம். வேறொரு கப்பலில் அதே வேலை கிடைத்தது. துறைமுக கேட்டு வரை போய், அவனுடைய தகரப் பெட்டியை இறக்கி வைத்தோம். அவன் அப்பா கேட்டுக்காரரிடம் பேசப் போனார். அப்போதுதான் சகாயம் என் பக்கம் திரும்பினான். ஐந்து மாதமாக அவன் என்னோடு மூன்று வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

"எம்மா. நெசத்தச் சொல்லு. வேணும்னுதானே பண்ணே?"

எனக்கு முன்னால் இரண்டு பதில் இருந்தன. ஒன்று, உன் அம்மா வேண்டுமென்று செய்யவில்லை, பாடத்தில்தான் பெயில். இன்னொன்று, உன்னை விட மனசில்லை. அதில் எது உண்மை என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரியும். இப்போது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

"ஆமா" என்றேன்.

அவன் சிரித்தான். அவ்வளவு நாள் இறுகிக் கிடந்த முகம் ஒரே சிரிப்பில் அவிழ்ந்தது. "எனுக்குத் தெரியும்மா" என்று என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினான். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான், அரை டிக்கெட் முகத்தோடு. நாற்பது முரட்டு ஆம்பளைகளில் ஒருவரும் அவனை ஒன்றும் செய்யவில்லை. இந்தக் கதையைச் சொன்னதும் எல்லோரும் அவனுக்குத் தோஸ்த்தாகிவிட்டார்களாம். எந்த ஊர்த் துறைமுகத்திலிருந்து கடிதம் போட்டாலும், உங்க அம்மா சௌக்கியமா என்று விசாரிக்கிறார்கள் என்று எழுதுகிறான். கூடவே நான் ஒப்புக்கொண்ட விஷயத்தையும் அப்பாவுக்கு எழுதிவிட்டான்.

அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் வெளியூர் போகிறவர்கள் யாரும் தங்கள் காகிதங்களை என் கண்ணில் காட்டுவதில்லை. நாத்தனார் மகள் படிக்கப் போவதே அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போன மாதம் என் வீட்டுக்காரர் சரக்குப் பார்க்கத் தூத்துக்குடிக்குக் கிளம்பினார். அவரை உட்கார வைத்து, நடந்தது வெறும் தவறுதான், மகனிடம் சொன்னதுதான் பொய் என்று முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

"நம்புதேன்ளா" என்றார். சொல்லிக்கொண்டே, சட்டைப் பையிலிருந்த ரயில் டிக்கெட்டை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.